எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்

கம்ப்யூட்டர் வந்துவிட்டால் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் என் முதுகு இன்றைக்கு இவ்வளவு வளைந்திருக்காது. பெயிண்டரைக் கூப்பிட்டு, மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்தில் அதை எழுதி, அருப்புக்கோட்டையிலிருந்து பாளையம்பட்டி போகிற டவுன் பஸ்ஸின் ஜன்னலோரக்காரர்கள் படிக்கிற உயரத்தில் மாட்டியும் வைத்தேன்: "கம்ப்யூட்டர் டி.டி.பி. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்."

ஜனங்கள் படித்தார்கள். இறங்கி வந்தார்கள். மாற்றினார்கள். அதன்பிறகு இருபது வருடம் நான் செய்தது அந்த ஒரே வேலைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகன். நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்த தொழிலை அவன் படுத்துக்கொண்டே செல்போனில் செய்கிறான். அச்சகத் தொழில் சங்கத்து ஆண்டு மலருக்கு "பழைய ஆளுக" யாராவது அனுபவம் எழுத வேண்டுமாம். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. இருந்தாலும் பழைய ஆளு என்றதும் யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"இப்பல்லாம் பத்திரிகைய அனுப்பின பெறகும் அழிச்சிரலாம் மாமா. வாங்குனவுக போன்ல இருந்தே போயிரும்" என்றான்.

 நல்லவேளை, ஓய்வு பெற்றுவிட்டேன்.

தொழில் கற்ற கதையை நீட்ட மாட்டேன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு ரத்தினம் அண்ணாச்சி அச்சகத்தில் பில் எழுதவும் புரூஃப் கொண்டுபோய்க் காட்டவும் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ சொல்ல, மதுரையில் ஒரு நிலையத்தில் பணம் கட்டினேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கால் கழுவி, ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். இருந்தது ஒரே ஒரு மிஷின். படித்தவர்கள் நிறையப் பேர். பயிற்சி முடிந்தபோது கம்ப்யூட்டரைவிட எனக்கு முன்னால் நின்றவரின் பிடரி நன்றாகப் பழகியிருந்தது.

லோன் கிடைத்ததும் மிஷின் வாங்கி, திரையை மட்டும் யாரையும் நம்பாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

"என்ன, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே, கம்ப்யூட்டரு."

"அது நம்மளவிட வெவரமானதுன்னு சொல்றாகளே. அப்ப ரெண்டு டிக்கெட்டு."

பதற்றத்தில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். என் பதற்றத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, இந்தக் கதையில் அது அடிக்கடி வரும். எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு கைக்கு எட்டுகிற எதையாவது திறந்து மூடுவேன். கடை தொடங்கிய பிறகு கைக்கு எட்டியது லேசர் பிரிண்டரின் மூடி. திறப்பேன், உள்ளே குனிந்து ஊதுவேன், மூடுவேன். பிரிண்டரில் ஏதோ கோளாறு என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார். கோளாறு பிரிண்டரில் இல்லை.

கடை என்றால் தனிக் கடை இல்லை. அண்ணாச்சி அச்சகத்தின் முன்னறையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பின்னால் அவருடைய மினி ஆஃப்செட் அச்சு மிஷின். நடுவில் ஒரு சுவர், அதில் கதவில்லாத ஒரு வாசல். முன்னால் நான் எழுத்துக் கோர்த்து, பக்கம் கட்டி, புரூஃப் எடுத்து, திருத்தி, கடைசியாக டிரேசிங் பேப்பரில் எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்னால் அதைப் பிளேட்டில் ஏற்றி மிஷினில் மாட்டி ஓட்டுவார்கள். பிளேட் ஆகும்வரை என் ராஜ்யம். அதற்குப் பிறகு அண்ணாச்சியுடையது.

ராஜ்யம் என்று சொல்லிக்கொண்டாலும் தெருப் பக்கத்து விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி, திரை நாலு பக்கமும் சுருங்கி, அகலமாக இருந்த மாப்பிள்ளை பெயர் ஒல்லியாகிவிடும். "எம் பேரு ஏன் இப்படி எளைச்சிருச்சு?" என்று ஒருவர் கேட்டார். சாயங்காலம் தறி நின்றால் தேறிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். இருக்கிற ஒரே மின்விசிறி கம்ப்யூட்டருக்கு. எனக்கு வேர்வை.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லியும் கேட்டதில்லை. "பாப்போம்" என்பார். தொழிலில் அவருக்கு மூன்று பிடிவாதங்கள் இருந்தன. புரூஃபை வாடிக்கையாளர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். உட்கார்ந்து வாசித்தால் தூக்கம்தான் வரும், தப்பு கண்ணில் படாது என்பார். வாசிப்பதும் கீழேயிருந்து மேலே. மேலேயிருந்து வாசித்தால் அச்சில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதை வாசித்துக்கொண்டு போய்விடுவார்களாம். வாசித்து முடித்ததும் ஓரத்தில் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் மிஷின் ஓடாது. பெரிய பெரிய மனிதர்களெல்லாம் எங்கள் கடையில் வாய்தா வந்தவர்கள் போல நின்றுகொண்டு, சமையல்காரர் பெயரில் தொடங்கிப் பிள்ளையார் சுழிக்கு ஏறிப் போவார்கள்.

நான்காவதாக இன்னொன்று. சொன்ன நாளில் தருவார். முடியவில்லை என்றால் முடியவில்லை என்பார். "மிஷின்ல ஓடிக்கிட்டு இருக்கு", "காயப் போட்டுருக்கு" என்று நம் தொழிலில் எல்லோரும் சொல்கிற பொய்களில் ஒன்றைக்கூட அவர் வாயில் நான் கேட்டதில்லை. அச்சகக்காரர்கள் படிக்கிற மலர் இது. எவ்வளவு பெரிய அதிசயம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் போர்டு அவருக்குப் பிடிக்கவில்லை. தினமும் அதற்குக் கீழே வந்து நின்று ஒரு பார்வை பார்ப்பார்.

"ஈய எழுத்துல கோத்தப்ப வீட்டுல யோசிச்சுட்டுக் கடைக்கு வந்தாக. இப்பக் கடைக்கு வந்து யோசிக்கிறாக. எடுத்துரு இத" என்பார்.

நான் எடுக்கவில்லை. அவர் சொல்வது சரி என்று தோன்ற ஆரம்பித்தபோதும் எடுக்கவில்லை. அழகான போர்டு.

யோசிக்கத்தான் வந்தார்கள். காதணி விழாப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை எந்த அளவில் போடுவது என்று ஒரு குடும்பம் என் பின்னால் நின்று ஒரு நாள் முழுக்க யோசித்தது. பெரியதாக்கினால் சின்ன மாமன் கோபிப்பார். சின்னதாக்கினால் பெரிய மாமன். இரண்டையும் ஒரே அளவாக்கினேன். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு போனார்கள். நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு ஓட்டல்காரர், பரோட்டா படத்தை "இன்னும் கொஞ்சம் சூடா" போடச் சொன்னார். வருகிறவர்கள் எல்லோரும் உட்காரும்போதே ஒரு சொல்லோடுதான் உட்காருவார்கள். "மாத்திக்கலாமில்ல?" தூக்கத்தில் யாராவது என்னை எழுப்பினால்கூட "மாத்திக்கலாம்ணே" என்றுதான் முழிப்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கருப்பையா வந்தார்.

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு கிராமம். மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. அக்காள் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை மல்லாங்கிணறு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை. எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார், நான் அடித்தேன். பெண்ணின் அப்பா பெயர் வந்தது.

"தெய்வத்திரு மா. முத்திருளப்பன்."

அடித்தேன். புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். நின்று, கீழேயிருந்து மேலே வாசித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு வரவே கூடாது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் மதியம் திருச்சுழி பஸ்ஸில் ஒரு அம்மா வந்து இறங்கினார். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. நேராக உள்ளே வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கருப்பையா குடுத்த பத்திரிகை இங்கனதான அடிக்கிறாக? நான் அவன் அக்கா, பாண்டியம்மா. ஒரு சின்னத் திருத்தம் தம்பி. மாத்திக்கலாமில்ல?"

"மாத்திக்கலாம்க்கா. என்ன திருத்தம்?"

"எங்க வீட்டுக்காரவுக சாகல."

காது சூடாகிவிட்டது. பிரிண்டர் மூடியைத் திறந்து ஊதினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். பெண் கைப்பிள்ளையாக இருந்தபோது முத்திருளப்பன் ஆந்திராவில் குண்டூருக்கு மிளகாய் லோடு எடுக்கப் போன லாரியில் ஏறிப் போனாராம். "லாரி திரும்பி வந்துருச்சு. அவுக வரல. டிரைவரையும் கேட்டுப் பாத்துட்டேன், சாமியையும் கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டு பேரும் தெரியலைன்னுட்டாக. செத்துட்டாகன்னும் யாரும் வந்து சொல்லல. வராத சேதிக்கு நான் எப்படித் தம்பி தாலிய எறக்கி வைக்கிறது? பத்திரிகையில இப்படிப் போட்டா நாளைக்கே ஊர்ப் பொம்பளைக வந்து எறக்கச் சொல்லுவாக. எம் மக கல்யாணத்துல நான் பந்திக்கட்டுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்கணும். ஒத்த ஆளா இருந்து வளத்தவ நான்."

திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். "தெய்வத்திரு" என்ற சொல்லில் முதல் நாலு எழுத்தை அழித்தேன். மிச்சம் "திரு" நின்றது. நம் மொழியில் சாவுக்கும் உயிருக்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவுதான். டெலிட் பொத்தானை நாலு தடவை தட்டினால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அக்கா நின்று வாசித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் தம்பி வந்தார்.

கருப்பையாவைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இது: "மச்சான் ஓடிப்போயிட்டாருன்னு தெரிஞ்சே ரெண்டு எடம் தட்டிப்போச்சு தம்பி. அப்பன் எங்கன்னு கேப்பாக, நாங்க தரையப் பாப்போம், எந்திரிச்சுப் போயிருவாக. அதான் இந்தத் தடவை எறந்துட்டாகன்னு சொல்லிட்டேன். அவுகளும் மேக்கொண்டு கேக்கல. இப்ப திருன்னு போட்டா அந்த ஆளு எங்கன்னு கேக்க மாட்டாகளா? கல்யாணம் நின்னுபோனா அந்தப் புள்ளைய அப்புறம் எவன் கட்டுவான்? மாத்திருங்க."

மாற்றினேன். மதிய பஸ்ஸில் அக்கா வந்தார். மாற்றினேன். இப்படியே ஒரு வாரம். காலையில் தம்பி வந்து சாகடிப்பார், மதியம் அக்கா வந்து எழுப்பிவிடுவார். முத்திருளப்பன் என் திரையில் செத்துப் பிழைத்த அளவுக்கு எந்த மனிதரும் எந்த ஊரிலும் செத்துப் பிழைத்திருக்க மாட்டார். வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி, "யாரோ செத்தா ஒங்களுக்கென்ன?" என்றாள். "செத்தா பரவாயில்லையே" என்றேன்.

அறிவாளித்தனமாக இரண்டு யோசனைகள் செய்தேன். முதலாவது, கம்ப்யூட்டர்தானே, இரண்டு விதமாக அடித்துவிடலாம். பெண் வீட்டு ஆட்களுக்குத் திரு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெய்வத்திரு. அண்ணாச்சி கேட்டுவிட்டு, "ரெண்டு வீடும் ஒரே பந்தியிலதான உக்காரும். பத்திரிகை மடியில இருக்கும்" என்றார். அது போயிற்று. இரண்டாவது, பத்திரிகையில் யாருக்குமே திரு வேண்டாம், எல்லாப் பெயரையும் மொட்டையாகப் போட்டுவிடலாம். கருப்பையா பட்டியலைப் பார்த்தார். "எங்க பஞ்சாயத்துத் தலைவருக்குத் திரு போடலைன்னா அவரு வரமாட்டாரு. மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்குப் போடலைன்னா மாப்பிள்ளையே வரமாட்டாரு" என்றார். அதுவும் போயிற்று.

அண்ணாச்சியிடம் முறையிட்டேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட புரூஃப்கள் மேசையில் குவிந்து கிடந்தன.

"எத ஓட்டுறது அண்ணாச்சி?"

"பாப்போம்" என்றார். வெளியே போய் என் போர்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். வேலுச்சாமி என்று பெயர். மிளகாய் வியாபாரம். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை, பையைத் திறந்தாலே தும்மல் வருகிற மாதிரி ஒரு நெடி. மகன் பெயருக்குப் பின்னால் பி.காம். விட்டுப்போயிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், சரிபார்க்க வந்தார். அது காலை நேரம். கருப்பையா வந்து போன கையோடு. அதாவது திரையில் முத்திருளப்பன் செத்திருந்த நேரம்.

வேலுச்சாமி என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். பி.காமைப் பார்க்கவில்லை.

"இவரு எப்பத் தம்பி செத்தாரு?"

மூடியைத் திறந்தேன்.

"தை மாசம் குண்டூர் மார்க்கெட்டுல எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரே."

ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். பின்னால் மிஷின் அருகில் நின்ற அண்ணாச்சி வாசலுக்கு வந்தார்.

வேலுச்சாமி சத்தமில்லாமல், ஏதோ சரக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார். லோடு எடுக்கக் குண்டூர் போகிற இடத்தில் நம்மூர்ப் பேச்சுக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். பேசியவர் பேரைச் சொன்னாராம், ஊரைச் சொன்னாராம். "அப்புறம் பொண்ணு பாக்கப் போன வீட்டுல அதே பேரு, சுவத்துல அதே மூஞ்சி. எறந்துட்டாகன்னு கருப்பையா சொல்றாரு. ஆனா போட்டோவுக்கு மாலை இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அவரு சொல்றது பொய்யின்னு. அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னும் தெரிஞ்சுபோச்சு. பொண்ணு நல்ல பொண்ணு. நான் வாயத் தொறக்கல."

"சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன்.

"என்னன்னு சொல்ல? அங்க அவருக்கு ஒரு குடும்பம் இருக்கு தம்பி. ரெண்டு பயலுக."

வேலுச்சாமி பையைக் கை மாற்றிக்கொண்டார். 

"மொதப் பத்திரிகைய எங்க கொலசாமி முன்னால வைக்கணும். உசுரோட இருக்குற மனுசனச் செத்தவன்னு போட்டு அங்க கொண்டு வைக்க மாட்டேன். திருன்னே போடுங்க. கருப்பையாட்ட நான் பேசிக்கிறேன். அந்தம்மாட்ட ஏன் எதுக்குன்னு சொல்ல வேண்டாம்."

நாலு எழுத்தை அழித்தேன். அவர் நின்று, கீழேயிருந்து மேலே வாசித்து, பி.காம். இருக்கிறதா என்றும் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டிரேசிங் எடுத்தேன். பிளேட் ஆயிற்று. மிஷினில் மாட்டி, பேப்பர் அடுக்கி, மை வைத்து எல்லாம் தயார். அண்ணாச்சி மட்டும் ஓட்டவில்லை.

"அந்தம்மாவும் ஒரு கையெழுத்துப் போட்டுரட்டும்" என்றார்.

மதிய பஸ்ஸில் அக்கா வந்தார். புரூஃபைக் கொடுத்தேன். நின்றுகொண்டு வாசித்தார். விரல் கீழேயிருந்து ஒவ்வொரு வரியாக ஏறி, கணவர் பெயரில் வந்து நின்றது. முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தவர், எழுதாமல் கேட்டார்.

"கருப்பையா ஒத்துக்கிட்டானா?"

"மாப்பிள்ளையோட அப்பாவே சொல்லிட்டாருக்கா, திருன்னு போடச் சொல்லி."

இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவுகளா? அவுகட்ட செத்துட்டாகன்னுல்ல சொல்லி வச்சிருக்கு. பத்திரிகையில திருன்னு பாத்தா அவுக சண்டைக்குல்ல வரணும்?"

என் கை தானாகப் பிரிண்டருக்குப் போயிற்று.

"அவுக மிளகா எடுக்க எந்தூருக்குப் போவாக தம்பி?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"குண்டூருக்குத்தான?"

மூடிக்குள் தலையை விட்டு ஊதினேன். பேப்பர் போகிற வழியில் ஒரு தூசிகூட இல்லை. அவ்வளவு சுத்தமான பிரிண்டர் ஜில்லாவிலேயே கிடையாது.

"பாத்தாகளா?"

இன்னொரு தடவை ஊதினேன்.

"ஒண்டியாவா இருக்காக?"

அதற்கும் ஊதினேன். சொல்லாமல் இருப்பதும் சொல்வதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஏதாவது உளறியிருப்பேன். அது இதைவிட மோசமாகப் போயிருக்கும்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்தார். வெயிலில் வந்தவர் துடைப்பது போலத்தான் இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தெய்வத்திருன்னே போட்டுருங்க தம்பி."

"அக்கா..."

"மாத்திக்கலாமில்ல? போர்டுல போட்டுருக்கே."

மாற்றலாம். நாலு எழுத்து. புது டிரேசிங், புது பிளேட், ஒரு மணி நேர வேலை. இந்த அம்மா ஒரு வாரமாக எதற்காகத் தினமும் பஸ் ஏறி வந்தாரோ அதை அவரே தன் கையால் தள்ளிவிடச் சொல்கிறார். நாளைக்கு ஊர்ப் பெண்கள் வருவார்கள். கயிறு இறங்கும். வைகாசியில் மணவறையில் மகள் உட்கார்ந்திருக்க, இவர் பந்திக்கட்டுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். குண்டூரில் டீ குடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இவ்வளவும் அப்போதே யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குக் காது சூடாகியிருந்தது, அவ்வளவுதான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அச்சடிச்சு முடிஞ்சிருச்சுக்கா. இனி மாத்த முடியாது."

கடை தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை. சொன்ன பிறகுதான் வாசலில் அண்ணாச்சி நிற்பதைப் பார்த்தேன். வாழ்நாளில் "காயப் போட்டுருக்கு" என்றுகூட ஒரு பொய் சொல்லாத மனிதர். போச்சு, இப்போது "இன்னும் ஓட்டலையேம்மா" என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். மூடிமேல் வைத்த கையை எடுக்கவும் மறந்துபோயிற்று.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்பி உள்ளே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓட ஆரம்பித்தது.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து, மேசையில் கிடந்த புரூஃபை எடுத்து, ஓரத்தில் பாண்டியம்மாள் என்று நிறுத்தி எழுதினார். அச்சடித்து முடிந்த பத்திரிகைக்குக் கையெழுத்து எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

கல்யாணத்துக்கு நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். முத்திருளப்பன் வரவில்லை. அவர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு இடங்களைத் தட்டிவிட்ட கேள்வி அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. வேலுச்சாமி வாசலிலேயே நின்று எல்லோரையும் சாப்பிட அனுப்பிக்கொண்டிருந்தார். பாண்டியக்கா காமாட்சி விளக்கை ஏந்திக்கொண்டு மகளுக்கு முன்னால் நடந்து வந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் வந்த கருப்பையா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நான் கைக்குப் பிரிண்டர் மூடி கிடைக்காமல், தாம்பூலப் பையைத் திறந்து திறந்து மூடினேன்.

போர்டை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் சோம்பல்தான். நம்மூர் வெயிலில் மஞ்சள் நின்றது, சிவப்பு வெளுத்துப்போய், கொஞ்ச நாளில் அங்கே என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அப்படியும் வந்தார்கள். அப்படியும் மாற்றினார்கள்.

சில வருடங்கள் கழித்து, பேரனுக்குக் காது குத்துப் பத்திரிகை அடிக்கப் பாண்டியக்கா வந்தார். அதே ஸ்டூல். எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்க, நான் அடித்துக்கொண்டே போனேன். தாத்தா, அப்பத்தா என்று வேலுச்சாமி வீட்டுப் பெயர்கள் வந்தன. தாய்வழியில் பாண்டியம்மாள் என்று மட்டும் வந்தது. கை நின்றது.

"அவுக பேருக்கா?"

"வேண்டாம் தம்பி."

"திருன்னு..."

"பேரே வேண்டாம்."

அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

"அன்னைக்கு நீங்க முடிஞ்சிருச்சுன்னு சொன்ன பெறகுதான தம்பி உள்ள மிஷினே ஓட ஆரம்பிச்சுச்சு."

என் கை பிரிண்டர் பக்கம் போயிற்று.

"அதத் தொறக்காதீக. பிஞ்சிரப் போகுது" என்றார்.

புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டு, கீழேயிருந்து மேலே வாசித்தார். கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்திரிகையில் ஒரு திருத்தமும் வரவில்லை.